காட்டு நடையும் தேயிலைத் தோட்டமும்: தேக்கடியா, மூணாறா, வால்பாறையா, நீலகிரியா?

மூன்று நாள் லீவு கிடைக்கிறது. ஒரு நாள் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்க வேண்டும், இன்னொரு நாள் தேயிலைத் தோட்டமும் ஃபாக்டரியும் பார்க்க வேண்டும். இந்த ஆசையோடு கிளம்புகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் நான்கு பெயர்கள் வந்து நிற்கும்: தேக்கடி, மூணாறு, வால்பாறை, நீலகிரி. யாரைக் கேட்டாலும் "நாலுமே சூப்பர்தான், எங்க ரூம் கிடைக்குதோ அங்க போங்க" என்பார்கள். இந்த அறிவுரையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேயிலைச் சரிவின் புகைப்படத்தை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத் தெரியும். காலடி வைத்து நடக்கிறபோது நான்கும் நான்கு தனி உலகம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சியைப் பின்னால் வையுங்கள். உங்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகப்போகிறவர் யார், அவரை அனுப்புவது யார் என்பதை முன்னால் வையுங்கள். தேயிலை எங்கேயும் ஓடிப்போகாது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினால்கூடப் பார்த்துவிடலாம். காடு அப்படியில்லை. தெரிந்தவர் காட்டினால்தான் அது கண்ணில் படும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலை ஊர்களில் 'ஜங்கிள் ட்ரெக்' என்று போர்டு போட்டு விற்கப்படும் பல நடைகள் காட்டுக்குள்ளேயே போவதில்லை. எஸ்டேட் ஓரமாக, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ஜீப் தடத்தில் இரண்டு மணி நேரம் நடக்க வைத்து, ஒரு வியூ பாயிண்டில் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது நல்ல நடைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது எஸ்டேட் நடை. காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், வனத்துறை அனுப்பும் வழிகாட்டி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தீ பரவும் மாதத்தில், முறையான அனுமதி இல்லாத மலைச்சரிவில் நடந்தது அந்தப் பயணம். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் அதே ஆண்டில் வந்தன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன், "இது எந்த ரேஞ்சு? அனுமதிச் சீட்டு யார் தருவார்கள்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அந்த ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

தேக்கடி: காட்டு நடைக்கு முதலிடம்

முதன்முறையாகக் காட்டுக்குள் நடக்கப்போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது தேக்கடி. பெரியார் புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். 1978இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டபோது தேங்கிய ஏரிதான் இன்று படகு விடும் ஏரி. பெரும்பாலோர் இந்தப் படகோடு திரும்பிவிடுகிறார்கள். நூறு பேர் சத்தத்தோடு போகும் படகிலிருந்து தூரக்கரையில் யானையைப் பார்ப்பது ஒரு அனுபவம்தான். ஆனால் தேக்கடியின் பெருமை அதில் இல்லை.

1990களின் பிற்பகுதியில் இங்கே ஒரு பெரிய காரியம் நடந்தது. காட்டுக்குள் புகுந்து வயணா என்ற காட்டு லவங்கப்பட்டை மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திக்கொண்டிருந்தவர்களை வனத்துறை கூப்பிட்டுப் பேசியது. காட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவை வைத்தே காட்டைக் காக்கவும், விருந்தாளிகளை நடத்திக்கொண்டு போகவும் ஏற்பாடு ஆயிற்று. இன்று 'டைகர் டிரெயில்' என்று, காட்டுக்குள் கூடாரத்தில் தங்கி நடக்கும் பயணம் அந்தத் தொடக்கத்தில் பிறந்ததுதான். மன்னான், பளியர் சமூகத்தாரும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். மன்னான்களின் பேச்சில் தமிழ்ச் சாயல் நிறைய. ஆகவே நாம் கேட்டது அவர்களுக்குப் புரியும், அவர்கள் சொன்னது நமக்கும் புரியும். ஒரு பறவையின் பெயரை ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிக்கும் வழிகாட்டிக்கும், "இது கத்தினா பக்கத்துல ஏதோ நடமாட்டம் இருக்கு" என்று சொல்லும் வழிகாட்டிக்கும் உள்ள தூரம் பெரிது.

காலை நடை மூன்று மணி நேரம்போலப் பிடிக்கும். சின்னக் குழு. அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை வரும் துணி உறை கொடுப்பார்கள், அதைக் காலுறைக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வழிகாட்டி முன்னால் போவார். பாதையில் கிடக்கும் யானைச் சாணத்தின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். ஒடிந்த மூங்கிலின் முறிவு வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா என்று பார்ப்பார். மரத்தில் நம் தலைக்கு மேல் உயரத்தில் அப்பியிருக்கும் சேற்றை விரலால் சுரண்டி, ஈரம் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் அசைத்து எல்லாரையும் வேறு தடத்துக்குத் திருப்புவார். யானையைக் கண்ணால் பார்க்காமலே, அது எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துகொண்டு திரும்பும் அந்தக் காலை, நூறு சஃபாரிக்குச் சமம் என்பேன்.

நாள் முழுக்கப் போகும் மூங்கில் தெப்பப் பயணமும் இருக்கிறது. கொஞ்சம் நடை, கொஞ்சம் தெப்பம், மறுபடி நடை. உடம்பில் தெம்பு இருந்தால் காலை நடையைவிட இதைத் தேர்ந்தெடுங்கள். வார இறுதிக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தேயிலை என்று பார்த்தால் தேக்கடி கொஞ்சம் இளைத்ததுதான். பக்கத்து ஊரான குமுளியைச் சுற்றி ஏலமும் மிளகும்தான் ராஜா. தேயிலைக்குக் கோட்டயம் சாலையில் வண்டிப்பெரியாறு பக்கம் போக வேண்டும். சாலையின் இரு பக்கமும் அழகான சரிவுகள். ஆனால் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு பகுதியில் எஸ்டேட்டுகள் மூடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கவாத்து இல்லாமல் மரமாக வளர்ந்து நிற்கும் தேயிலையை அங்கே பார்க்கலாம். இடுப்பளவு உயரத்தில் மட்டுமே தேயிலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அது உண்மையில் ஒரு மரம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

மூணாறு: தேயிலை கண் முன்னே, காடு தள்ளி

மூணாறு இதற்கு நேர்மாறு. தேயிலை வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். காட்டுக்குத்தான் தேடிப்போக வேண்டும்.

நல்லதண்ணி எஸ்டேட்டில் கண்ணன் தேவன் கம்பெனியின் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ரோலர் இயந்திரம், 1913இல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்யப்பட்ட கருங்கல் சூரிய கடிகாரம், 1924 வெள்ளத்தில் அடித்துப்போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் மிச்சம் என்று ஒரு மணி நேரம் போவது தெரியாது. இலை டீத்தூளாக மாறுவதைச் சிறிய அளவில் இயக்கியும் காட்டுகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட எளிதான ஏற்பாடு நான்கு ஊரிலும் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், விடுமுறை.

ஆனால் மூணாறின் தேயிலையை அருங்காட்சியகத்தோடு முடித்துக்கொள்வது எனக்கு உவப்பில்லை. இந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்களும் இன்றுவரை கொழுந்து கிள்ளுகிறவர்களில் பெரும்பாலோரும் தமிழர்கள். 2005இல் கம்பெனி கைமாறியபோது தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 'பொம்பிளை ஒருமை' என்று பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தது இதே மூணாறில்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்கள் என்று சொல்லப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை மூடியது. 70 உயிர்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பங்கள் அதில் பல. இரவிகுளம் போகிறவர்கள் இந்த மலைகளைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு போவது நாம் அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

காட்டுக்கு வருவோம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்ப்பது நடையே அல்ல. வனத்துறைப் பேருந்தில் ராஜமலை போய், தார் போட்ட பாதையில் கொஞ்சம் ஏறி, வரையாடு பக்கத்தில் மேய்வதைப் பார்த்துவிட்டு இறங்குவது. வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அருமையான ஏற்பாடு. 2695 மீட்டர் ஆனைமுடி மேலே மேகத்துக்குள் நிற்கும். குறிஞ்சிக்காக மட்டும் திட்டம் போடுகிறவர்கள் 2030வரை காத்திருக்க வேண்டும், கடைசியாகப் பூத்தது 2018. வரையாடு குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், பூங்காவை மூடிவிடுவார்கள்.

உண்மையாக நடக்க வேண்டுமென்றால் மூணாறில் இரண்டு வழி. ஒன்று மீசைப்புலிமலை. கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்தும் பயணம், அவர்களிடமே தங்கி விடியற்காலையில் ஏற வேண்டும். புல்வெளியும் சோலையும் மாறி மாறி வரும் உயர்மலை அது. காட்சிக்கு நிகரில்லை, விலங்குகளை எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று சின்னாறு, மூணாறிலிருந்து உடுமலைக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது. மழை மறைவுப் பகுதி என்பதால் வறண்ட முட்காடு. மூணாறின் குளிரிலிருந்து இறங்கி வந்தால் வேறு நாட்டுக்கு வந்ததுபோல இருக்கும். சாம்பல் நிற மலை அணில், நட்சத்திர ஆமை, யானை, ஆற்றோரம் மருத மரங்கள். முதுவர், புலையர் ஊர்க்காரர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். தூவானம் அருவிக்குக் கூட்டிப்போகும் நடையும் உண்டு. மழைக்காலத்தில் மற்ற மலைகளெல்லாம் அட்டையும் சேறுமாக இருக்கும்போதும் சின்னாறில் ஓரளவு நிம்மதியாக நடக்கலாம். மூணாறு போகிறவர்களில் சின்னாறைக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கொழுக்குமலையை விட்டுவிட முடியாது. இடம் தேனி மாவட்டம், போகும் வழி கேரளத்தின் சூரியநெல்லி. ஜீப் பாதை எலும்பை எண்ணிவிடும், முதுகுவலிக்காரர்கள் தவிர்ப்பது நல்லது. 7000 அடிக்கு மேலே, 1930களில் எழுப்பிய ஃபாக்டரியில் இலையை முழுசாகச் சுருட்டும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில் இன்னமும் தேயிலை செய்கிறார்கள். எல்லாரும் சூரிய உதயத்துக்குப் போய்விட்டு ஏழரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கூட்டம் இறங்கியபிறகு ஃபாக்டரியில் அரைமணி நேரம் செலவழியுங்கள், அதுதான் அந்த ஜீப் பயணத்துக்கான பலன்.

வால்பாறை: இரண்டும் பின்னிக் கிடக்கும் இடம்

காட்டையும் தேயிலையையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒன்று மற்றொன்றை என்ன செய்தது என்று பார்க்க விரும்புகிறவருக்கு வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஒரு பீடபூமி. நாலாபக்கமும் ஆனைமலை, பரம்பிக்குளம் காப்பகக் காடுகள், நடுவில் தேயிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி மழைக்காட்டை வெட்டித்தான் இந்தத் தோட்டங்கள் போடப்பட்டன. வெட்டாமல் விட்ட துண்டுகள் அங்கங்கே தேயிலைக்கு நடுவே கரும்பச்சையாக நிற்கின்றன. சோலைமந்திகள் அந்தத் துண்டுகளில்தான் வாழ்கின்றன. புதுத்தோட்டம் பக்கம் சாலையைக் கடக்க அவற்றுக்குக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். இருவாச்சி பறந்தால் சிறகின் சத்தம் முதலில் வரும், பிறகுதான் பறவை தெரியும்.

யானைகளுக்குத் தோட்டம் ஒரு நடைபாதை. துண்டுக்காட்டிலிருந்து துண்டுக்காட்டுக்குத் தேயிலை வழியாகப் போகின்றன. இதனால் ஆட்கள் சாவதைத் தடுக்க, யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடும், தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் இங்கே இயங்குகின்றன. இயற்கைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், வனத்துறை, எஸ்டேட் மக்கள் மூவரும் சேர்ந்து செய்தது. மனிதனும் யானையும் எப்படி ஒரே இடத்தில் இருப்பது என்ற கேள்விக்கு நம் மாநிலத்தில் கிடைத்த அருமையான பதில்களில் இது ஒன்று. வால்பாறை போனால் அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒருமுறை பாருங்கள்.

குறை என்ன? முதலாவது, நினைத்த இடத்தில் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. பொழுது சாய்ந்தபின் சிறுத்தையும் காட்டுமாடும் தொழிலாளர் குடியிருக்கும் பாடி வரிசைகளுக்குப் பக்கத்திலேயே நடமாடும். ஆறு மணிக்கு மேல் தங்குமிடத்தை விட்டு வெளியே உலாவுவது வேண்டாம், குழந்தைகளை அந்திப்பொழுதில் முற்றத்தில்கூடத் தனியே விடாதீர்கள். முறையான நடை வேண்டுமென்றால், தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மானாம்பள்ளி தடம் இருக்கிறது. மாநிலம் முழுக்க 40 தடங்களை இணையத்தில் பதிவு செய்து போகும் திட்டம் அது. வழிகாட்டிகள் பழங்குடி மக்கள், காட்டோர ஊர் இளைஞர்கள். இரண்டாவது, இங்குள்ளவை பெரும்பாலும் பெரிய கம்பெனி எஸ்டேட்டுகள். ஃபாக்டரி வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். எஸ்டேட் பங்களாவிலோ, தெரிந்தவர் மூலமோ தங்கினால் மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

டாப்ஸ்லிப்பை வால்பாறையோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்து நினைப்பவர்கள் உண்டு. முடியாது. இரண்டுக்கும் நடுவே பொதுச் சாலை கிடையாது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கி, சேத்துமடை வழியாக மறுபடி ஏற வேண்டும். டாப்ஸ்லிப்பில் பண்டாரவாரை தடம் இருக்கிறது, கோழிகமுத்தி யானை முகாம் இருக்கிறது. அதைத் தாண்டிப் பரம்பிக்குளம். காடர், மலசர் வழிகாட்டிகளோடு தேக்குக்காட்டில் நடந்து, கன்னிமாரா தேக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். காட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்தப் பக்கம் தேக்கடிக்குச் சளைத்ததல்ல. ஆனால் இங்கே தேயிலை இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் பொள்ளாச்சியை நடுவில் வைத்து, ஒரு இரவு டாப்ஸ்லிப் அல்லது பரம்பிக்குளம், ஒரு இரவு வால்பாறை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி: தேயிலையைப் புரிந்துகொள்ள

ஊட்டியின் கூட்டத்தை நினைத்து நீலகிரியை ஒதுக்கிவிடாதீர்கள். குன்னூரும் கோத்தகிரியும்தான் நாம் பேச வேண்டிய இடங்கள். மற்ற மூன்று ஊரிலும் தேயிலை என்றால் பெரிய கம்பெனி, துரை பங்களா, லயம். நீலகிரியில் அதோடு இன்னொரு கதையும் உண்டு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், அவர்கள் பச்சை இலையை வாங்கும் கூட்டுறவு ஃபாக்டரிகள், குன்னூர் ஏல மையம், பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுப் படுகர் ஊர்களில் நடக்கும் போராட்டம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக அரசு போட்ட டான்டீ தோட்டங்கள் வேறு. கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயி ஒருவரின் வீட்டில் தங்கினால், ஒரு கிலோ இலைக்கு அவர் கைக்கு என்ன வருகிறது, கடையில் நாம் என்ன கொடுக்கிறோம் என்ற கணக்கை அவர் வாயாலேயே கேட்கலாம்.

ஃபாக்டரி பார்ப்பதற்கும் நீலகிரிதான் வசதி. சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடும் ஃபாக்டரிகள் இங்கே உண்டு. எந்த நேரத்தில் போகிறோம் என்பதில்தான் சூட்சுமம். காலையில் கிள்ளிய கொழுந்து எடை போட்டு மத்தியானத்துக்கு மேல் வந்து சேரும். நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வாட்டுவார்கள். கையில் அள்ளி இறுக்கினால் உடையாமல் துணிபோலச் சுருண்டு கொடுக்கும் பதம் வர வேண்டும். அதன்பிறகு சி.டி.சி. என்றால் பல்லுள்ள உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் கிழிந்து குருணையாகும். ஆர்த்தடாக்ஸ் என்றால் முழு இலையாகச் சுருட்டப்படும். அடுத்துத் தரையிலோ டிரம்மிலோ கிடந்து நிறம் மாறும். நின்று பார்க்க வேண்டியது இந்த இடம். பச்சை, செம்பு நிறமாகத் திரும்புகிறபோது வாசனையும் திரும்பும். வெட்டிய புல் வாசம் போய்ப் பழவாசம் ஒன்று எழும். அதற்குப் பிறகு உலர்த்தி, சலித்து, தரம் பிரிப்பதுதான். பச்சை இலை நாலரைக் கிலோ போனால் டீத்தூள் ஒரு கிலோ வரும். ஞாயிறன்று பறிப்பு இருக்காது, ஆகவே திங்கள் காலையில் போனால் பல ஃபாக்டரிகளில் இயந்திரம் சும்மா நிற்கும். செவ்வாயிலிருந்து எந்த நாளானாலும், காலை நேரத்தில் போங்கள்.

காட்டு நடைக்கு, கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்த இடம். நூறு ஹெக்டேருக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனால் சோலைக்காடு என்றால் என்ன, அது எப்படித் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊருக்குக் கொடுக்கிறது என்று புரிந்துகொள்ள இரண்டு மணி நேரம் போதும். வெளியே வெயில் சுட்டாலும் உள்ளே அரை இருட்டும் ஈரமும் இருக்கும். நீண்ட நடை வேண்டுமென்றால் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர், பொறிவரைப் பாறை ஓவியங்கள் இருக்கும் தடம். இன்னும் கடினம் வேண்டுமென்றால் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா. இவையும் 'ட்ரெக் தமிழ்நாடு' பட்டியலில் வருபவை. நீலகிரிக்கு 2024 மேயிலிருந்து இ-பாஸ் வேண்டும், வால்பாறைக்கும் இப்போது அந்த நடைமுறை வந்துவிட்டது. கிளம்பும் முன் பதிவு செய்துவிடுங்கள், சோதனைச் சாவடியில் நின்று கைபேசியில் சிக்னல் தேடுவது வீண் அலைச்சல்.

எந்த மாதம்

ஊரைவிட மாதம்தான் பயணத்தைக் கெடுக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப் பருவம், தமிழ்நாட்டு மலையேற்றத் தடங்களை அடைத்துவிடுவார்கள். அதே சமயத்தில் இரவிகுளமும் மூடியிருக்கும். கோடை லீவில் எங்கும் நெரிசல். ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை, மூணாறு, தேக்கடி மூன்றும் நனையும், அட்டை கணுக்காலை விடாது. அட்டைக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. மழைக்காட்டை மழையில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்த மலைக்கும் போகாதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவாகப் பெய்யும், ஆகவே அக்டோபர், நவம்பரில் அங்கே கவனம். டிசம்பரும் ஜனவரியும் நான்கு ஊருக்கும் பொருந்தும். நீலகிரியில் உறைபனி விழும் அந்த வாரங்களில் எடுக்கும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு, கிடைத்தால் கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஊரானாலும் காட்டு நடையையும் ஃபாக்டரியையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். விடியற்காலை நடந்து வந்த உடம்பு மத்தியானம் தூங்கத்தான் கேட்கும். முதல் நாள் போய்ச் சேருங்கள், இரண்டாம் நாள் காலையில் காடு, மூன்றாம் நாள் காலையில் தேயிலை. கொழுந்து கிள்ளும் பெண்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டால் கிட்டே போய், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் கூலி கிலோ கணக்கில் நிற்கிறது, உங்களுக்காகச் சிரித்துக்கொண்டு நிற்கும் நிமிடம் அவர்களுக்கு இலை குறையும் நிமிடம்.

அப்பா அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் மூணாறு, ஒரு நாள் சின்னாறு சேர்த்து. வயதான கால்களுக்கு ராஜமலை போதும், தெம்புள்ளவர்கள் மட்டும் சின்னாறில் இறங்கி நடக்கலாம். டீ குடிப்பதில் ருசி உள்ளவர், அதன் பின்னால் இருக்கும் உழைப்பும் வியாபாரமும் தெரிய வேண்டும் என்பவர் கோத்தகிரிக்குப் போங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று காடுகள் பார்த்தவர், அமைதியாக இருக்கத் தெரிந்தவர் வால்பாறைக்கு வாருங்கள். காட்டுக்குள் இதுவரை காலே வைக்காதவர் தேக்கடிக்குத்தான் போக வேண்டும். அங்கே முதலில் அறையைத் தேடாதீர்கள். பெரியார் காப்பகத்தின் இணையப் பதிவில் காலை நடைக்கோ தெப்பத்துக்கோ எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்று பார்த்து, அதைப் பதிவு செய்துவிட்டு, பிறகு அந்தத் தேதிக்கு லீவு போடுங்கள். குமுளியில் அறைக்குப் பஞ்சமில்லை.